அம்ரும் தீவுக்கு மேற்கே, பதினாறு மீட்டர் ஆழம்

அக்டோபர் ஒன்பது. காற்று வடமேற்கு.
இதை எழுதிப் பேனாவை மூடுவதற்குள்
தியார்க் முதுகு காட்டிக் கடலில் விழுந்துவிட்டான்.
அப்புறம் அவன் மூச்சு மட்டும்
கொப்புளம் கொப்புளமாக மேலே வந்தது.

கீழே அவனுக்கு நாற்று நடும் வேலை.
விரல் தடிமனில் பன்னிரண்டு ஒலிவாங்கிகள்.
சாண் ஆழத்தில் சில, முழ ஆழத்தில் சில.
முளைக்கவா போகிறது என்கிறாள் ஃப்ரௌக்கே
வின்ச்சில் கை வைத்தபடி.

எங்கள் கேள்வி சின்னதுதான்:
மணலுக்குள் சத்தம் என்ன வேகத்தில் போகும்?
எந்தச் சத்தம், என்று மணல் திருப்பிக் கேட்கிறது.
மூன்று வருடமாகப் பேச்சு அங்கேயே நிற்கிறது.
மணலைக் கயிறாகத் திரிப்பவன்கூட
இந்நேரம் ஒரு முழம் திரித்திருப்பான்.

நானூறு ஹெர்ட்ஸ். தடித்த சத்தம்.
மணல்மணிகளுக்கு நடுவே இருக்கும் தண்ணீர்
மணியின் சட்டையைப் பிடித்துக்கொள்கிறது.
அது அசைந்தால் அசைகிறது, திரும்பினால் திரும்புகிறது.
ஒட்டிக்கொண்ட சுமையோடு நடப்பவன் போல
சத்தம் நிதானமாகப் போகிறது, வெகுதூரம் போகிறது.

லட்சம் ஹெர்ட்ஸ். ஊசி மாதிரி.
தண்ணீருக்குப் பிடித்துக்கொள்ள அவகாசமில்லை.
மணி இந்தப் பக்கம் துடிக்க, நீர் வழுக்கி அந்தப் பக்கம்.
சுமை கழன்றதால் வேகம் கூடுகிறது.
ஆனால் வழுக்கும்போதெல்லாம் உரசல்,
உரசலெல்லாம் சூடு.
ஒரு கை நீளம் போவதற்குள் சத்தம் காலி.

இரண்டுக்கும் நடுவில்
ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை
எங்கள் வரைபடத்தில் புள்ளிகளே இல்லை.
கோடு அங்கேதான் வளைய வேண்டும்.
எப்படி வளைகிறது என்று
பென்சிலால் ஊகித்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு வரைபடமும் பார்த்திருக்கிறேன்.
போன மாதம் தியார்க்கின் பெட்டியில் டேப் தேடியபோது.
வூக் ஊர்க் காது டாக்டர் கொடுத்தது.
மூவாயிரம் வரை சமதரை,
அதற்குப் பின் செங்குத்தாக ஒரு சரிவு.
மடித்து இருந்த இடத்திலேயே வைத்தேன்.
ஃப்ரௌக்கேயிடம் சொல்லவில்லை.
அவனிடமும் சொல்லவில்லை.
சொன்னால் அவன் நீரில் இறங்க முடியாது.

இரண்டு மணி பத்து நிமிடம்.
மேற்கில் அலை உயர்ந்தது.
மேலே வா என்னும் கருவியை அழுத்தினாள் ஃப்ரௌக்கே.
ஐயாயிரம் ஹெர்ட்ஸ், கூர்மையான கீச்சு.
கொப்புளங்கள் அதே இடத்தில்.
மறுபடி அழுத்தினாள்.
மூன்றாம் முறை என் முகத்தைப் பார்த்தாள்.
கருவி பழுதா, என்று கேட்டாள்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்கிறோம்.
தப்பு. சங்கு தடித்த சத்தம், அது கேட்கும்.
கேட்காமல் போவது சகரம், தகரம்,
அவன் மகள் லேவ்கே அப்பா என்பதில்
உதடு பிரியும் அந்தச் சின்ன வெடிப்பு.

நான் பதில் சொல்லவில்லை.
பெரிய ஒலிபெருக்கியின் அளவைக் குறைத்து
நானூறில் வைத்து மூன்று தடவை விட்டேன்.
காலுக்கடியில் இரும்புத் தளம் லேசாக முனகியது.

கொப்புளங்கள் நகர்ந்தன.

ஏணியில் ஏறி முகமூடியைக் கழற்றியவன்
அட்டவணையில் இல்லாததை ஏன் விட்டாய் என்றான்,
காது கேட்காதவர்கள் பேசுகிற சத்தத்தில்.
நெஞ்சை மணலில் வைத்துக் கிடந்தேன்,
விலா எலும்பில் வந்தது, என்றான்.
ஃப்ரௌக்கே அவனையும் என்னையும் பார்த்தாள்.
பிறகு கருவியை எடுத்துப்
பேட்டரியைக் கழற்றி, மறுபடி மாட்டினாள்.
அது நன்றாகவே கீச்சிட்டது.

குறிப்பேட்டில் எழுதினேன்:
14.17. நானூறு ஹெர்ட்ஸ், மூன்று துடிப்பு, திட்டமிடாதது.
பன்னிரண்டு ஒலிவாங்கியிலும் பதிவு தெளிவு.
பதின்மூன்றாவது என்று எழுதி
அடித்துவிட்டேன்.
அடித்தது காகிதத்தின் பின்பக்கத்திலும் தெரிகிறது.